கப்பல் கட்டணப் போரில் கைவிடப்பட்ட ஜாம்ஷெட்ஜி டாடா

புது தில்லி, ஏப். 5: சிந்தியா நிறுவனத்தின் "எஸ்.எஸ். லாயல்டி" கப்பல் 1919 ஏப்ரல் 5-ல் மும்பையிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டதன் நினைவாகவே இந்நாள் தேசிய கடல்சார் தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்னரே, அன்னியக் கப்பல்களை நம்பியிருக்கும்வரை இந்திய வணிகர்களுக்கு அயல்நாட்டுச் சந்தை எட்டாது என்று உணர்ந்து, களமிறங்கித் தோற்றவர் ஜாம்ஷெட்ஜி டாடா. உருக்காலைக் கனவுக்காகப் போற்றப்படும் அவரது வாழ்வில் அதிகம் பேசப்படாத பக்கம் இது.

குஜராத்தின் நவ்சாரியில் பார்சி புரோகிதர் குடும்பத்தில் 1839 மார்ச் 3-ல் பிறந்தவர் ஜாம்ஷெட்ஜி. மும்பை எல்பின்ஸ்டன் கல்லூரியில் படித்து முடித்ததும், 1859-ல் தந்தை நுசர்வான்ஜி அவரை ஹாங்காங்குக்கு அனுப்பினார். பருத்தியும் அபினும் கைமாறிய அந்தச் சீன வணிகத்தில்தான் அவர் தொழில் பயின்றார்.

அடுத்த பாடத்தை லண்டன் கற்பித்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரால் உச்சத்துக்குப் போன இந்தியப் பருத்தியின் விலை, 1865-ல் போர் முடிந்ததும் சரிந்தது. அவர் கையில் இருந்த பத்திரங்கள் வெற்றுக் காகிதங்களாயின. அவரோ ஓடி ஒளியாமல், கடன் கொடுத்தவர்களை நேரில் சந்தித்து நிலைமையை விளக்கினார். அந்த நேர்மையை மதித்த அவர்கள், கணக்குகளைத் தீர்க்கும் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்தனர்.

ரூ.21 ஆயிரத்தில் தொடக்கம்

1868-ல் ரூ.21 ஆயிரம் முதலீட்டில் சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். 1877-ல் பருத்தி விளையும் பகுதியான நாகபுரியில் எம்பிரஸ் ஆலையை நிறுவினார். 1886-ல் மும்பையில் ஒரு ஆலையை வாங்கி, அதற்கு சுதேசி எனப் பெயரிட்டார்.

அக்காலத்தில் மும்பை ஆலைகளின் நூலுக்குச் சீனாவே பெரும் சந்தை. இந்தியப் பஞ்சுக்கு ஜப்பான் வளர்ந்துவரும் சந்தை. ஆனால் அந்தக் கடல்வழி, பிரிட்டனின் பி அண்ட் ஓ நிறுவனமும் அதனுடன் உடன்பாடு செய்திருந்த ஐரோப்பிய நிறுவனங்களும் வைத்ததே சட்டம் என்றிருந்தது. டன்னுக்கு ரூ.19 கட்டணம். லாபத்தில் பெரும்பகுதியைக் கப்பல் கூலியே விழுங்கியது.

1893-ல் ஜப்பான் சென்ற ஜாம்ஷெட்ஜி, நிப்பான் யூசன் கைஷா கப்பல் நிறுவனத்துடன் கைகோத்தார். இழப்பிலும் பங்கேற்க வேண்டும் என்ற அதன் நிபந்தனையை ஏற்று, "ஆனி பாரோ", "லிண்டிஸ்ஃபார்ன்" என்ற இரு கப்பல்களை வாடகைக்கு அமர்த்தி "டாடா லைன்" சேவையைத் தொடங்கினார். கட்டணம் டன்னுக்கு ரூ.12.

பதிலடி கடுமையாக இருந்தது. பி அண்ட் ஓ தன் கட்டணத்தை ஒன்றரை ரூபாய்க்குக் குறைத்தது. டாடா கப்பல்களிலோ, ஜப்பானியக் கப்பல்களிலோ சரக்கு அனுப்புவதில்லை என எழுதிக் கொடுத்தவர்களுக்குச் சிறப்புத் தள்ளுபடி தந்தது. அஞ்சல் சேவைக்காக அந்நிறுவனம் பெற்றுவந்த அரசு மானியத்தில் இந்தியரின் வரிப்பணமும் இருந்தது. அதைச் சுட்டிக்காட்டி ஜாம்ஷெட்ஜி ஆட்சியாளர்களிடம் முறையிட்டார், பலனில்லை.

அரசைவிட அவரை அதிகம் ஏமாற்றியவர்கள் சக வணிகர்கள்தான். தொடக்கத்தில் ஆதரவளித்தவர்கள், மலிவுக் கட்டணத்தைக் கண்டதும் எதிரணியின் கப்பலில் சரக்கேற்றினர். இழப்பு பெருகவே, வாடகைக் கப்பல்கள் திருப்பி அனுப்பப்பட்டன. போட்டி ஒழிந்ததும் கட்டணம் மீண்டும் உயர்ந்தது.

அதே போரில் ஜப்பானிய நிறுவனம் மட்டும் நிலைத்தது. அந்நாட்டு நூற்பாலைச் சங்கம் சரக்குக்கு உறுதியளித்தது. கப்பல் தொழிலுக்கு ஊக்கத்தொகை வழங்க ஜப்பான் அரசு 1896-ல் சட்டமே இயற்றியது. ஜாம்ஷெட்ஜிக்கு இரண்டும் வாய்க்கவில்லை. 1906-ல் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனார் தொடங்கிய சுதேசிக் கப்பல் நிறுவனத்தையும் ஆங்கிலேய நிறுவனம் இதே கட்டணக் குறைப்பு ஆயுதத்தால் தாக்கியது.

ஜாம்ஷெட்ஜி 1904 மே 19-ல் ஜெர்மனியின் பாட் நௌஹைமில் காலமானார். அவர் கனவு கண்ட உருக்கு நிறுவனம் 1907-லும், பெங்களூர் அறிவியல் கழகம் 1909-லும் உருவாயின. கப்பல் கனவு அவரது நிறுவனத்துக்கு அன்று கைகூடவில்லை. இந்தியாவின் ஏற்றுமதி, இறக்குமதிச் சரக்கில் பெரும்பகுதி இன்றும் அயல்நாட்டுக் கப்பல்களில்தான் செல்கிறது. கப்பல் கூலி உயரும்போதெல்லாம் முதலில் அடிபடுபவர் சிறு ஏற்றுமதியாளரே. ஜாம்ஷெட்ஜி 1893-ல் எழுப்பிய கேள்வி இன்னும் தீரவில்லை.