105 வெற்றி கண்ட வாத்தியார்

1926-ம் ஆண்டு நவம்பர் 27-ந் தேதி. அமெரிக்காவில் சிகாகோ நகரில் ஒரு பெரிய பந்தாட்டம் நடந்தது. தரைப்படைக் கல்லூரிக்கும் கடற்படைக் கல்லூரிக்கும் போட்டி. லட்சம் பேருக்கு மேல் கூடியிருந்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் வழுக்கைத் தலை மனிதர் ஒருவர் இருந்தார். அவர்தான் நூட் ராக்னி. நோட்டர் டேம் என்ற கல்லூரியின் பந்தாட்டப் பயிற்சியாளர். அன்றைக்கு அவருடைய பையன்களுக்கும் ஓர் ஆட்டம் இருந்தது. அது தொலைவில், பிட்ஸ்பர்க் நகரில் நடந்தது. சுலபமாக ஜெயித்துவிடலாம் என்று நினைத்து, உதவியாளரை அனுப்பிவிட்டு, ராக்னி இங்கே ஆட்டம் பார்க்க வந்துவிட்டார்.

பிட்ஸ்பர்க்கில் இருந்து செய்தி வந்தது. அவருடைய அணி 19-க்கு 0 என்று தோற்றுவிட்டது!

அந்த ஆண்டு ஆடிய 10 ஆட்டங்களில் தோற்றது அந்த ஒன்றில்தான். வாத்தியார் பக்கத்தில் இல்லாத நாளில் வந்த தோல்வி அது.

மொத்தம் 13 ஆண்டுகள் அவர் பயிற்சியாளராக இருந்தார். 122 ஆட்டங்கள். 105 வெற்றி. 12 தோல்வி. 5 ஆட்டங்கள் சமம். இவ்வளவு வெற்றி எப்படி வந்தது?

முட்டை வடிவப் பந்து

அமெரிக்கர்கள் ஆடும் பந்தாட்டம் வேறு. நம் ஊர்க் கால்பந்து வேறு. அவர்களுடைய பந்து முட்டை வடிவத்தில் இருக்கும். அதைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். ஒரு பக்கத்துக்கு 11 பேர். ஓடி வருகிறவனை எதிரிகள் மடக்கிக் கீழே தள்ளுவார்கள். 4 முயற்சிக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். முடியாவிட்டால் பந்து எதிர்க்கட்சிக்குப் போய்விடும்.

தபால் ஆபீஸ் வேலை

ராக்னி 1888-ம் ஆண்டு மார்ச் 4-ந் தேதி நார்வே நாட்டில் வோஸ் என்ற ஊரில் பிறந்தார். தந்தை வண்டி செய்யும் தொழிலாளி. ராக்னிக்கு 5 வயதானபோது குடும்பம் சிகாகோவில் குடியேறியது.

வளர்ந்ததும் அவர் தபால் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தார். சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சேர்த்தார். 1910-ல், 22-வது வயதில், நோட்டர் டேம் கல்லூரியில் சேர்ந்தார். இண்டியானா மாநிலத்தில் கத்தோலிக்கப் பாதிரிமார்கள் நடத்திய கல்லூரி அது.

ரசாயனக் கூடத்தில் வேலை செய்துகொண்டே படித்தார். பந்தும் ஆடினார். 1913-ல் அணித் தலைவர் ஆனார்.

ஏரிக்கரை மணலில்

பந்தைக் கையால் முன்னே எறிந்து கூட்டாளியிடம் சேர்ப்பதற்கு 1906-ல் அனுமதி கிடைத்தது. ஆனால் பெரிய அணிகள் அதை அதிகம் நம்பவில்லை. ஆள் பலத்தையே நம்பின.

1913 கோடை விடுமுறையில் ராக்னியும் அவருடைய நண்பர் கஸ் டோரேயும் ஈரி ஏரிக்கரையில் இருந்த உல்லாச விடுதியில் வேலை பார்த்தார்கள். ஓய்வு நேரத்தில் ஏரிக்கரை மணலில் டோரே பந்தை எறிவார். ராக்னி ஓடிக்கொண்டே பிடிப்பார். விடுமுறை முழுவதும் இதே வேலைதான்.

நவம்பர் 1-ந் தேதி தரைப்படைக் கல்லூரியோடு ஆட்டம். நோட்டர் டேமை அந்தப் பக்கத்தில் யாரும் பெரிதாக நினைக்கவில்லை. டோரே 17 முறை பந்தை எறிந்தார். அதில் 14 முறை கூட்டாளிகள் பிடித்தார்கள். முடிவு 35-க்கு 13. பட்டாளத்து மாணவர்கள் தோற்றுப்போனார்கள்.

இந்த முறையைக் கண்டுபிடித்தவர்கள் இவர்கள் இருவரும் அல்ல. ஆனால் பயிற்சி இருந்தால் பலசாலியையும் சாய்க்கலாம் என்பதை ஊரறியக் காட்டினார்கள்.

இரண்டாவது அணியே முதலில்!

1914-ல் பட்டம் பெற்ற ராக்னி அங்கேயே ரசாயன ஆசிரியர் ஆனார். துணைப் பயிற்சியாளராகவும் இருந்தார். 1918-ல் தலைமைப் பயிற்சியாளர் ஆனார்.

பல ஆட்டங்களில் அவர் இரண்டாவது அணியை முதலில் இறக்குவார். அவர்கள் மோதி மோதி எதிரிகளைக் களைக்க வைப்பார்கள். பிறகுதான் முதல் அணி இறங்கும். இதனால் இரண்டாவது வரிசைப் பையன்களுக்கும் ஆட்டத்தில் பங்கு கிடைத்தது.

1924-ல் பின்வரிசையில் ஆடிய 4 பேரை ஒரு பத்திரிகையாளர் நான்கு குதிரை வீரர்கள் என்று வர்ணித்தார். 4 பேரில் ஒருவர்கூட 75 கிலோ எடை இல்லை! வேகமும் ஒற்றுமையுமே அவர்கள் பலம். முன்வரிசையில் நின்று இடிபட்டு வழி திறந்த 7 பேருக்குக் கோவேறு கழுதைகள் என்று செல்லப் பெயர் வந்தது. அந்த 7 பேர் இல்லாவிட்டால் குதிரைகள் ஓடியிருக்க முடியாது. அந்தப் பருவத்தில் 10 ஆட்டம் ஆடி 10-லும் வென்றார்கள்.

அக்கம்பக்கத்துப் பெரிய கல்லூரிகள் பல நோட்டர் டேமோடு ஆட மறுத்தன. ராக்னி சோர்ந்துவிடவில்லை. பையன்களை ரெயிலில் ஏற்றி நாடெங்கும் கூட்டிச் சென்றார். நியூயார்க்கிலும் சிகாகோவிலும் கூலி வேலை செய்த கத்தோலிக்க ஏழைகள் அதைத் தங்கள் அணியாகவே கொண்டாடினார்கள். கூட்டம் பெருகியது. வருமானம் பெருகியது. அந்தப் பணத்தில் 1930-ல் 50 ஆயிரம் பேருக்கு மேல் உட்காரக்கூடிய மைதானம் எழுந்தது.

மாணவனின் கடைசி ஆசை

அவருடைய தலைசிறந்த ஆட்டக்காரர் ஜார்ஜ் கிப். 1920 டிசம்பரில், 25-வது வயதில், கிப் நோய்வாய்ப்பட்டு இறந்தார்.

8 ஆண்டுகள் கழிந்தன. 1928-ல் அணி தடுமாறியது. நியூயார்க்கில் தரைப்படைக் கல்லூரியோடு ஆட்டம். பையன்களை உட்கார வைத்து ராக்னி ஒரு விஷயம் சொன்னார். அணிக்குக் கஷ்டம் வரும் நாளில் தனக்காக ஓர் ஆட்டம் ஜெயிக்க வேண்டும் என்று கிப் சாகும்போது கேட்டுக்கொண்டாராம். பையன்கள் மனம் உருகினார்கள். ஆவேசமாக ஆடி 12-க்கு 6 என்று வென்றார்கள்.

கிப் அப்படிக் கேட்டது உண்மையா, ராக்னியின் கற்பனையா என்ற சர்ச்சை பின்னாளில் எழுந்தது. ஆனால் அந்த ஆண்டு முழுவதும் பேச்சு பலிக்கவில்லை. 9 ஆட்டத்தில் 4 தோல்வி. ராக்னிக்கு அதுவே மிக மோசமான ஆண்டு.

அடுத்த ஆண்டு காலில் ரத்தக் குழாய் நோய் வந்தது. டாக்டர்கள் ஓய்வெடுக்கச் சொன்னார்கள். ராக்னி கேட்கவில்லை. சக்கர நாற்காலியில் இருந்தபடி பயிற்சி கொடுத்தார். 9 ஆட்டத்திலும் வெற்றி! 1930-லும் தோல்வியே இல்லை.

வானத்தில் வந்த சாவு

1931-ம் ஆண்டு மார்ச் 31-ந் தேதி ராக்னி லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு விமானத்தில் புறப்பட்டார். கான்சாஸ் மாநிலத்தின் மேலே பறந்தபோது விமானத்தின் மர இறக்கை முறிந்தது. விமானம் புல்வெளியில் விழுந்து நொறுங்கியது. அதில் இருந்த 8 பேரும் மாண்டனர். ராக்னிக்கு வயது 43. மனைவியும் 4 குழந்தைகளும் தவித்தார்கள்.

நாடே அழுதது. நார்வே மன்னர் இறுதிச் சடங்குக்குத் தம் பிரதிநிதியை அனுப்பினார். மர இறக்கை விமானங்களைப் பற்றி மக்கள் கேள்வி கேட்டார்கள். அதன் பிறகு விமானச் சோதனைகள் கடுமையாயின. முழுவதும் உலோகத்தால் ஆன விமானங்களுக்கு மவுசு கூடியது.

ராக்னியிடம் ஆடக் கற்றவர்கள் பலர் பயிற்சியாளர்கள் ஆனார்கள். நான்கு குதிரை வீரர்களும் அப்படியே ஆனார்கள். அவர்களில் ஒருவரான லேடன், 1934-ல் ராக்னி இருந்த அதே பதவியில் வந்து அமர்ந்தார். வாத்தியார் போனாலும் பாடம் நின்றுவிடவில்லை.