யார் இந்த எஸ். சந்திரசேகர்? கருக்கலைப்பு மசோதா வந்தபோது அமைச்சராக இருந்தவரின் கதை

சந்திரசேகர்னு சொன்னா பலருக்கும் நோபல் பரிசு வாங்கிய விஞ்ஞானிதான் ஞாபகத்துக்கு வருவார். இவர் வேற. மக்கள்தொகை ஆய்வாளர் ஸ்ரீபதி சந்திரசேகர். மம்சாபுரத்தில் இருக்கும் ஒரு பெண், இன்னைக்கு ராஜபாளையத்துக்கோ ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ பஸ் ஏறிப் போய், டாக்டரிடம் சட்டப்படி கருக்கலைப்பு செய்துகொள்ள முடியும். அதற்கான மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது, இவர் மத்திய இணை அமைச்சராக இருந்தபோதுதான்.

எங்கிருந்து வந்தார்?

1918-ல் ராஜமுந்திரியில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, பிறகு நியூயார்க் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். சாப்பாடு, வேலை, வீடு என எல்லாப் பற்றாக்குறைக்கும் மக்கள்தொகை பெருக்கமே காரணம் என்பது அவருடைய உறுதியான கருத்து. 1967-ல் இந்திரா காந்தி அரசில் சுகாதாரம், குடும்பக் கட்டுப்பாட்டுத் துறைக்கு அமைச்சரானார்.

அப்போ சட்டம் எப்படி இருந்தது?

ஆங்கிலேயர் 1860-ல் கொண்டுவந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 312-வது பிரிவுப்படி கருக்கலைப்பு குற்றம். தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டும்தான் விலக்கு. மற்றபடி 3 ஆண்டு வரை சிறை. வயிற்றில் சிசு அசையத் தொடங்கிய பிறகு என்றால் 7 ஆண்டு வரை. கலைத்தவருக்கு மட்டுமில்லை, கலைத்துக்கொண்ட பெண்ணுக்கும் அதே தண்டனை.

சட்டத்துக்குப் பயந்து யாரும் நிறுத்தவில்லை. ரகசியமாகச் செய்தார்கள். பயிற்சி இல்லாதவர்களிடம் போன பெண்கள் ரத்தப்போக்கிலும் நோய்த்தொற்றிலும் செத்துப்போனார்கள். இதை ஆராய 1964-ல் சாந்திலால் ஷா தலைமையில் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. சட்டத்தைத் தளர்த்தலாம் என 1966-ல் அறிக்கை வந்தது.

சர்ச்சை என்ன?

1969-ல் மசோதா மாநிலங்களவைக்கு வந்தது. பெண்களின் உடல்நலத்துக்கான சட்டம் என்றே அரசு சொன்னது. ஆனால், சந்திரசேகரின் பேச்சைக் கேட்டு வந்தவர்களுக்குச் சந்தேகம் இருந்தது. கருத்தடை செய்துகொள்ளும் ஆண்களுக்கு டிரான்சிஸ்டர் ரேடியோ கொடுக்கலாம் என்றவர் அவர். மூன்று அல்லது அதற்கு மேல் குழந்தை பெற்ற ஆண்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்ய வேண்டும் என்றும் யோசனை சொன்னார். பெண்ணுக்கு வழி திறந்த அதே கை, இன்னொரு பக்கம் கட்டாயத்தையும் நீட்டியது. அவரைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்கணும்.

1970-ல் அவர் பதவியை விட்டுப் போனார். மறு ஆண்டு சட்டம் நிறைவேறி, 1972 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ரோ எதிர் வேட் தீர்ப்பு வந்தது அதற்கு அடுத்த ஆண்டுதான். அந்தத் தீர்ப்பு 2022-ல் ரத்தாகிவிட்டது. இந்தியச் சட்டமோ விரிவடைந்திருக்கிறது.

கருக்கலைப்பு பற்றி 1974-ல் ஒரு புத்தகம் வெளியிட்ட சந்திரசேகர், பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தார். 2001-ல் அமெரிக்காவில் காலமானார்.

இப்போ நிலைமை என்ன?

2021 திருத்தத்தின்படி 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர், சிறுமிகள் உள்ளிட்ட சில பிரிவினருக்கு இரண்டு டாக்டர்கள் ஒப்புக்கொண்டால் 24 வாரம் வரை அனுமதி. திருமணமாகாத பெண்களுக்கும் இது பொருந்தும் என 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆணா பெண்ணா எனப் பார்த்துக் கலைப்பதற்கு மட்டும் எந்த வாரத்திலும் இடமில்லை. கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதே குற்றம்.

18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவருடைய சம்மதம் மட்டும் போதும். கணவர் கையெழுத்தோ மாமியார் அனுமதியோ சட்டப்படி தேவையில்லை. பெயர் விவரத்தை வெளியே சொல்வதும் குற்றம்.

ஆனாலும், காரணம் சரியா என்று முடிவு செய்வது டாக்டர்தான். சட்ட வரம்புக்கு வெளியே போனால் கருக்கலைப்பு இன்னைக்கும் குற்றமே. பழைய 312, பாரதிய நியாய சன்ஹிதாவில் 88-வது பிரிவாக நீடிக்கிறது. பெண் கேட்டாலே போதும் என்கிற நிலை சந்திரசேகர் காலத்து மசோதாவிலும் இல்லை, இப்போதும் வரவில்லை.