ஹிட்லரைக் கூண்டில் ஏற்றிய வக்கீல்

1931-ம் ஆண்டு மே மாதம் 8-ந் தேதி. பெர்லின் நகரத்து மோவாபிட் கோர்ட்டு நிரம்பி வழிந்தது. அன்று சாட்சி சொல்ல வந்தவர் ஹிட்லர்!

அப்போது அவர் சர்வாதிகாரி ஆகவில்லை. ஆனாலும் அவருடைய நாஜிக் கட்சி, ஜெர்மன் பாராளுமன்றத்தில் 107 இடங்களைப் பிடித்திருந்தது. அவர் பெயரைக் கேட்டாலே பலர் நடுங்கினர்.

அவரைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார் ஒரு வாலிபர். மூக்குக் கண்ணாடி அணிந்தவர். வயது 27. அவர்தான் ஹான்ஸ் லிட்டன்.

ஏழைகளின் வக்கீல்

லிட்டன் 1903-ல் ஹாலே நகரில் பிறந்தார். தந்தை சட்டப் பேராசிரியர். யூதராகப் பிறந்து கிறிஸ்தவர் ஆனவர். தாயார் பெயர் இர்ம்கார்டு.

மகனுக்குச் சட்டத்தில் ஆசை இல்லை. தந்தையின் விருப்பத்துக்காகவே படித்தார். பரீட்சையில் சிறப்பாகத் தேறினார். சர்க்கார் உத்தியோகம் தேடி வந்தது. அதை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, 1928-ல் பெர்லினில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். அவரைத் தேடி வந்தவர்கள் பெரும்பாலும் ஏழைத் தொழிலாளிகள்.

வழக்கு என்ன?

1930 நவம்பரில் பெர்லினில் ஒரு நடன மண்டபத்தில் தொழிலாளர்கள் கூடியிருந்தார்கள். நாஜித் தொண்டர் படையினர் உள்ளே புகுந்து சுட்டனர். நால்வர் மீது வழக்கு நடந்தது.

ஜெர்மன் சட்டப்படி, சர்க்கார் வக்கீலுடன் சேர்ந்து, பாதிக்கப்பட்டவர்களின் வக்கீலும் வழக்கை நடத்தலாம். காயம் அடைந்தவர்களுக்காக லிட்டன் ஆஜரானார். சுட்டவர்கள் வெறும் கருவிகள். ஏவியவர்கள் மேலே இருக்கிறார்கள் என்பது அவருடைய வாதம். ஆகவே ஹிட்லரையே சாட்சியாக அழைத்தார்.

இரு பக்கமும் இடி

சட்டத்துக்கு உட்பட்டே ஆட்சியைப் பிடிப்பேன் என்று ஹிட்லர் முந்திய ஆண்டு லீப்சிக் கோர்ட்டில் சத்தியம் செய்திருந்தார். இப்போது பலாத்காரத்தை ஆதரித்துப் பேசினால், அந்தச் சத்தியம் பொய்யாகிவிடும். எதிர்த்துப் பேசினாலோ, சொந்தத் தொண்டர்களே கோபிப்பார்கள். சட்டவழி போதாது என்று பெர்லின் தொண்டர் படையில் ஒரு பகுதியினர் ஒரு மாதத்துக்கு முன்புதான் கலகம் செய்திருந்தனர்.

லிட்டன் நிதானமாகக் கேள்விகளை அடுக்கினார். கோயபல்ஸ் எழுதிய சிறு புத்தகம் ஒன்றை எடுத்தார். அதில் பலாத்காரப் புரட்சி பற்றிய பேச்சு இருந்தது. சட்டத்தை மதிக்கும் கட்சி, அதை எழுதியவரைப் பிரசார அதிகாரி ஆக்கியது ஏன் என்று மடக்கினார். ஹிட்லரின் முகம் சிவந்தது. கூச்சல் போட்டார். ஜட்ஜ் குறுக்கிட்டு, அந்தக் கேள்வியை அனுமதிக்க மறுத்தார்.

பொய்ச் சத்தியம் பற்றிய விசாரணையும் பிறகு கைவிடப்பட்டது. வக்கீல் துணிந்தார், நீதித்துறை துணியவில்லை.

பழி வாங்கினார்

வெளிநாட்டுக்குப் போய்விடும்படி நண்பர்கள் கெஞ்சினர். லிட்டன் மறுத்துவிட்டார். தன்னை நம்பிய தொழிலாளிகள் தப்பி ஓட முடியாதபோது, தான் மட்டும் ஓடுவது நியாயம் அல்ல என்று கருதினார்.

1933 ஜனவரியில் ஹிட்லர் பிரதமர் ஆனார். பிப்ரவரி 27-ந் தேதி பாராளுமன்றக் கட்டடம் தீப்பற்றி எரிந்தது. அன்று இரவே வேட்டை தொடங்கியது. விடிவதற்குள் லிட்டன் கைதானார். அவர் மீது வழக்கு இல்லை, விசாரணை இல்லை, தீர்ப்பும் இல்லை.

சோனன்பர்க், பிராண்டன்பர்க், லிக்டன்பர்க், புச்சன்வால்டு என்று முகாம் முகாமாக இழுத்தடித்தனர். அடி உதையில் காலும் கண்ணும் கெட்டன. பழைய வழக்கு ஒன்றில் தம் கட்சிக்காரர்களைக் காட்டிக் கொடுக்கும்படி சித்திரவதை செய்தனர். வலி தாங்காமல் வாக்குமூலம் கொடுத்தார். பிறகு, அது அடித்து வாங்கியது, உண்மை அல்ல என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் தற்கொலைக்கு முயன்றார். ஆனால் காப்பாற்றப்பட்டார்.

லிக்டன்பர்க் முகாமில் சக கைதிகளுக்கு இலக்கியமும் சரித்திரமும் சொல்லிக் கொடுத்தார். நாஜி விழா ஒன்றில் கைதிகள் கலை நிகழ்ச்சி நடத்த வேண்டும் என்று உத்தரவு வந்தது. மனிதனின் எண்ணத்தைச் சிறை வைக்க முடியாது என்று கூறும் பழைய ஜெர்மன் பாட்டைக் காவலர்கள் முன்னிலையிலேயே சொன்னார்!

தாயின் போராட்டம்

பெற்ற வயிறு சும்மா இருக்குமா? இர்ம்கார்டு அதிகாரிகளின் வாசல்தோறும் ஏறி இறங்கினார். பிரிட்டிஷ் சட்ட நிபுணர்கள் பலர் கையெழுத்திட்டு, விடுதலை கோரி ஹிட்லருக்கு மனு அனுப்பினர். பலன் இல்லை.

கடைசியாக டாக்கவ் முகாம். 1938 பிப்ரவரி 5-ந் தேதி, தூக்கில் தொங்கிய நிலையில் லிட்டன் காணப்பட்டார். அப்போது வயது 34. தாயார் இங்கிலாந்துக்குச் சென்று, மகனின் கதையை 1940-ல் புத்தகமாக வெளியிட்டார்.

இன்று பெர்லினில் கோர்ட்டு இருக்கும் ஒரு தெருவுக்கு லிட்டன் தெரு என்று பெயர். 1951-ல் சூட்டியது. அங்கே உள்ள வக்கீல் சங்கக் கட்டடமும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

சட்டப் புத்தகம் மட்டும் ஏழையைக் காப்பாற்றாது. கேட்கத் துணியும் வக்கீல் வேண்டும். கேட்க விடும் நீதிபதியும் வேண்டும். அன்று ஜெர்மனியில் முதலாமவர் இருந்தார்.