மடியும் ஆர்க்கிட்டை மீட்ட தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன்

தாம்பரம், சேலையூர், மேடவாக்கம், முடிச்சூர், வண்டலூர் பகுதிகளில் மொட்டைமாடியிலும் நிழல்வலைக் குடிலிலும் ஆர்க்கிட் வளர்ப்பவர்களுக்கு ஆண்டில் இரண்டு சோதனைக் காலங்கள் உண்டு. ஒன்று கத்திரி வெயில். மற்றொன்று ஐப்பசி, கார்த்திகை அடைமழை. வெயிலில் தண்டு சுருங்கும். மழையில் வேர் அழுகும். அப்போதெல்லாம் ஒரே கேள்விதான் எழுகிறது. வாடி நிற்கும் செடிக்கு இன்னும் உரமும் மருந்தும் செலவழிப்பதா, இடம் மாற்றிப் பார்ப்பதா, தூக்கி எறிவதா? நாலைந்து தொட்டி வைத்திருப்பவருக்கு இது மனக்கஷ்டம். கொய்மலருக்காக நூற்றுக்கணக்கில் கன்று வாங்கிக் குடில் போட்டவருக்கு இது போட்ட முதலைப் பற்றிய கவலை.

ஏறத்தாழ 190 ஆண்டுகளுக்கு முன்பு இதே கேள்வியைச் சந்தித்து, அதற்கு வழி கண்டவர் ஜோசப் பாக்ஸ்டன். இங்கிலாந்துக்காரர். பெயர் நமக்குப் பழக்கமில்லாமல் இருக்கலாம். ஆனால் ஜி-9 வாழை பயிரிடும் ஒவ்வொரு விவசாயிக்கும் அவரோடு ஒரு தொடர்பு உண்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

விவசாயக் குடும்பத்தின் ஏழாவது மகன்

பாக்ஸ்டன் 1803-ம் ஆண்டு ஆகஸ்ட் 3-ம் தேதி, பெட்ஃபர்ட்ஷயர் மாவட்டத்தில் மில்டன் பிரையன் என்ற சிற்றூரில் பிறந்தார். விவசாயக் குடும்பம். அவர் ஏழாவது மகன். பெரிய படிப்பு கிடையாது. சிறு வயதிலேயே தோட்ட வேலைக்குப் போனார். 1823-ல் லண்டனை அடுத்த சிஸ்விக்கில் இருந்த தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

அந்தத் தோட்டம் டெவன்ஷயர் பிரபுவின் நிலத்தில் இருந்தது. அவ்வழியே நடந்துவரும் பிரபுவுக்கு இந்த இளைஞரின் ஆர்வமும் சுறுசுறுப்பும் பிடித்துப்போயின. 1826-ல் டெர்பிஷயரில் இருந்த தன் சாட்ஸ்வொர்த் மாளிகைக்கு அவரைத் தலைமைத் தோட்டக்காரராக நியமித்தார். அப்போது பாக்ஸ்டனுக்கு வயது 23 கூட நிறையவில்லை. மே 9-ம் தேதி விடியற்காலை நாலரை மணிக்கு அங்கே போய்ச் சேர்ந்த அவர், கதவு திறக்கக் காத்திராமல் சுவரேறிக் குதித்துத் தோட்டம் முழுவதையும் சுற்றிப் பார்த்தார். ஆறு மணிக்கு ஆட்களை வேலையில் இறக்கிவிட்டார். வேலை தொடங்கும் முன் நிலத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற இந்தப் பழக்கம் கடைசிவரை அவரிடம் இருந்தது. அன்று காலை உணவின்போது சந்தித்த சாரா பவுன் என்ற பெண்ணையே அடுத்த ஆண்டு மணந்துகொண்டார்.

வெந்து மடிந்த செடிகள்

1833-ல் ஒரு கண்காட்சியில் வண்ணத்துப்பூச்சி போலப் பூத்திருந்த ஓர் ஆர்க்கிட்டைப் பார்த்தார் பிரபு. அன்றே ஆர்க்கிட் மோகம் அவரைப் பற்றிக்கொண்டது. செடிகளைச் சேர்க்கும் பொறுப்பும் காப்பாற்றும் பொறுப்பும் பாக்ஸ்டன் தலையில் விழுந்தன.

அந்நாளில் இங்கிலாந்தில் ஆர்க்கிட் வாங்குவது சூதாட்டம் போல. வெப்ப நாடுகளிலிருந்து மாதக்கணக்கில் கப்பலில் வந்த செடிகளில் பெரும்பகுதி வழியிலேயே செத்துவிடும். மிஞ்சியவை கண்ணாடிக் கூடத்தில் சாகும். காரணம், வெப்ப நாட்டுச் செடி என்றாலே அதற்குக் கொதிக்கும் சூடு வேண்டும் என்று தோட்டக்காரர்கள் நம்பியதுதான். அடுப்பு மூட்டிச் சூடேற்றிய கூடத்தில், காற்றுப்போக்கிகளை அடைத்து, செடியை மண்ணிலோ மரப்பட்டைத் தூளிலோ புதைத்து வைத்தார்கள். மரக்கிளையில் ஒட்டி, வேரைக் காற்றில் விட்டு வளரும் செடி அது. புழுக்கத்தில் அழுகாமல் என்ன செய்யும்? வாடினால் இன்னும் சூடு, இன்னும் தண்ணீர். நம் ஊரில் வாடிய ஆர்க்கிட்டுக்கு இன்னும் உரம் என்று போவது போலத்தான்.

பாக்ஸ்டன் வேறு விதமாக யோசித்தார். இந்தச் செடிக்கு என்ன கொடுக்கலாம் என்று கேட்பதற்கு முன்பு, இது எங்கிருந்து வந்தது என்று கேட்டார். எந்த உயரம்? எந்த மாதம் மழை, எந்த மாதம் வறட்சி? இரவில் எவ்வளவு குளிரும்? பதிலுக்கு ஏற்ப மூன்று மாற்றங்களைச் செய்தார். சூட்டைக் குறைத்தார். காற்றுப்போக்கிகளைத் திறந்துவிட்டார். செடியின் மேல் தண்ணீரைக் கொட்டாமல், நடைபாதையையும் தரையையும் நனைத்துக் காற்றில் ஈரம் ஏற்றினார். எல்லாச் செடிகளையும் ஒரே கூடத்தில் அடைக்காமல், வெப்பம் விரும்புபவை, குளிர்ச்சி விரும்புபவை என்று பிரித்துத் தனித்தனிக் கூடங்களில் வைத்தார். செடிகள் பிழைத்தன. பத்தாண்டுக்குள் சாட்ஸ்வொர்த்தின் ஆர்க்கிட் தொகுப்பு இங்கிலாந்திலேயே பெரிய தொகுப்புகளில் ஒன்றானது. கற்றதை 1834-ல் தொடங்கிய தன் தாவர இதழில் எழுதி மற்றவர்களுக்கும் பரப்பினார்.

காசி மலையிலிருந்து வந்த பாடம்

1835-ல் தன்னிடம் பயிற்சி பெற்ற ஜான் கிப்சன் என்ற இளம் தோட்டக்காரரைப் பாக்ஸ்டன் இந்தியாவுக்கு அனுப்பினார். கிப்சன் கல்கத்தா வந்து, தாவரவியல் பூங்காவின் தலைவர் வாலிக்கின் உதவியோடு, இன்றைய மேகாலயத்தின் காசி மலைக்குச் சென்றார். சிரபுஞ்சியில் தங்கி ஏராளமான ஆர்க்கிட்களைச் சேகரித்துக்கொண்டு 1837-ல் ஊர் திரும்பினார். அவற்றில் சிலவற்றுக்குப் பாக்ஸ்டனே பெயர் வைத்தார். டென்ட்ரோபியம் கிப்சோனி அந்தச் சீடரின் பெயரையும், டென்ட்ரோபியம் டெவோனியானம் பிரபுவின் பெயரையும் தாங்கி நிற்கின்றன.

சிரபுஞ்சி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோடையில் பேய்மழை, குளிர்காலத்தில் வறட்சியும் குளிரும். இந்தியச் செடி என்பதற்காக அதைக் கொதிகலன் கூடத்தில் வைத்தால் செத்துத்தான் போகும். பாக்ஸ்டனின் முறை சரி என்பதற்கு இந்த மலைச் செடிகளே சாட்சியாயின.

இந்த வேட்டைக்கு ஒரு விலையும் இருந்தது. 1838-ல் வட அமெரிக்காவுக்குச் செடி தேட அனுப்பப்பட்ட சாட்ஸ்வொர்த்தின் இரண்டு இளம் தோட்டக்காரர்கள் கொலம்பியா ஆற்றில் படகு கவிழ்ந்து இறந்தார்கள். காசி மலையின் நீல வாண்டா ஆர்க்கிட்டைப் பின்னாளில் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் ஏழு ஆள் சுமை அளவுக்குச் சேகரித்து அனுப்பினார். உயிரோடு இங்கிலாந்து போய்ச் சேர்ந்தவை சொற்பம். காட்டிலிருந்து பெயர்த்த செடியில் பெரும்பகுதி வீணாகும் என்பது அன்றே தெரிந்த உண்மை.

பாக்ஸ்டனுக்கும் எல்லாம் கைகூடவில்லை. கிப்சன் பயணத்தின் முக்கிய நோக்கமே பர்மாவின் ஆம்ஹெர்ஸ்டியா மரத்தைக் கொண்டுவருவதுதான். கன்று வந்து சேர்ந்தது, வளர்ந்தது. ஆனால் சாட்ஸ்வொர்த்தில் பூக்கவில்லை. 1849-ல் லண்டன் அருகே வேறொருவர் தோட்டத்தில்தான் அது இங்கிலாந்தில் முதன்முதலாகப் பூத்தது. செடி உயிரோடு இருப்பது ஒன்று, பூப்பது வேறொன்று.

வாழையும் கண்ணாடி மாளிகையும்

இனி வாழைக் கதை. தென் சீனாவிலிருந்து மொரீசியஸ் வழியாக இங்கிலாந்து வந்த ஒரு குட்டை வாழையை வாங்கிக் கண்ணாடிக் கூடத்தில் நட்டார் பாக்ஸ்டன். 1835 நவம்பரில் அது பூவெடுத்தது. அடுத்த ஆண்டு குலை முற்றியது. பிரபுவின் குடும்பப் பெயரான கேவண்டிஷ் என்பதையே அதற்குச் சூட்டினார். இன்று நாம் நடும் ஜி-9, மோரிஸ் ஆகியவை அந்தக் கேவண்டிஷ் வகையைச் சேர்ந்தவைதான்.

1836-ல் தொடங்கி அவர் கட்டிய மாபெரும் கண்ணாடிக் கூடம் 277 அடி நீளமும் 123 அடி அகலமும் கொண்டது. 1849-ல் அமேசானின் ராட்சத அல்லியை இங்கிலாந்தில் முதன்முதலாகப் பூக்க வைத்தார். அதன் இலையைத் தாங்கும் நரம்பமைப்பைப் பார்த்துக் கூரை அமைப்பைப் பற்றிக் கற்றார். 1851-ல் லண்டனில் நடந்த உலகக் கண்காட்சிக்காக இரும்பாலும் கண்ணாடியாலும் படிக மாளிகையை வடிவமைத்து, சர் பட்டம் பெற்றார். 1854 முதல் கவென்ட்ரி தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். 1865 ஜூன் 8-ம் தேதி காலமானார்.

சாட்ஸ்வொர்த்தின் அந்தப் பெரிய கூடம் முதல் உலகப் போரில் நிலக்கரிப் பஞ்சத்தால் சூடின்றிப் போனது. செடிகள் மடிந்தன. 1920-ல் கூடத்தையே இடித்துவிட்டார்கள். ஊரின் தட்பவெப்பத்துக்கு எதிராக ஒரு செடியை வளர்த்தால், அந்தச் செலவை நிறுத்தும் நாளில் செடியும் போய்விடும்.

நம் குடிலில் எப்படி முடிவெடுப்பது?

பாக்ஸ்டனின் கேள்வியை நம் ஊருக்குப் பொருத்திப் பார்த்தால், வாடும் ஆர்க்கிட்களை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதல் பிரிவு, இந்த ஊருக்கு ஏற்ற செடி, ஆனால் பராமரிப்பில் கோளாறு. கடைகளில் கிடைக்கும் டென்ட்ரோபியம் கலப்பினங்கள், வாண்டா, மொக்காரா ஆகியவை வெப்பம் தாங்குபவை. இவை வாடினால் முதலில் வேரைப் பாருங்கள். கெட்டியான வெள்ளை வேரும் பச்சை நுனியும் இருந்தால் பிழைக்கும். அழுகிய வேரைச் சுத்தமான கத்தியால் வெட்டி, கரித்துண்டு, ஓட்டுத் துண்டு, தேங்காய் மட்டை கலந்த புது ஊடகத்தில் வைக்க வேண்டும். புது வேர் விடும்வரை உரம் வேண்டாம். கோடையில் நிழலைக் கூட்டித் தரையை நனையுங்கள். குடிலின் பக்கங்களைப் பாலித்தீன் கொண்டு அடைக்காதீர்கள். அடைமழைக்கு மேலே மட்டும் மறைப்புப் போதும். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருந்தால் இலை நுனி கருகும். மழைநீரைச் சேமித்துப் பயன்படுத்துங்கள்.

இரண்டாவது பிரிவு, நல்ல செடி, ஆனால் ஊர் பொருந்தாதது. குளிர்ந்த இரவு இல்லாமல் சிம்பிடியம் பூப்பது கடினம். காசி மலை டென்ட்ரோபியமும் அப்படியே. டென்ட்ரோபியம் என்ற பெயர் ஒன்றானாலும் குணம் வேறு. இவற்றுக்குத் தாம்பரத்தில் எவ்வளவு செலவு செய்தாலும் ஆம்ஹெர்ஸ்டியா கதைதான். ஏற்காட்டிலோ ஊட்டியிலோ வளர்ப்பவர்களிடம் கொடுத்துவிடுவதே நல்லது.

மூன்றாவது பிரிவு, நோய் முற்றியது. இலையில் தேமல் படர்ந்து நச்சுயிரி உறுதியானால் அதற்கு மருந்து கிடையாது. இரக்கப்பட்டு வைத்திருந்தால் கத்தி வழியாகப் பக்கத்துச் செடிக்கும் பரவும். எரித்துவிட்டுக் கருவிகளைச் சுத்தம் செய்யுங்கள்.

புதிதாக வாங்கும்போது திசு வளர்ப்புக் கன்றையே வாங்குங்கள். நீல வாண்டா போன்றவை 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. மலையிலிருந்து பெயர்த்து வந்த செடியை வாங்குவது சட்டப்படியும் தவறு, பணமும் நட்டம்.

எந்தக் கன்றை வாங்கும் முன்பும் நர்சரிக்காரரிடம் விலை கேட்பதற்கு முன்னால் அதன் பூர்வீகம் எது என்று கேளுங்கள். அந்த ஊரின் கோடையும் இரவும் நம் ஊருக்கு ஒத்துவந்தால் மட்டும் பணத்தை எடுங்கள்.