டைன் நதிக்கரையில் ஒரு பட்டமளிப்பு

1967ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள். இங்கிலாந்தின் வடபகுதியில், டைன் நதிக்கரையில் அமைந்த நியூகாசில் பல்கலைக்கழகத்தின் அரங்கில், மதிப்புறு முனைவர் பட்டம் பெறுவதற்காக ஒருவர் பட்டமளிப்பு அங்கியுடன் நின்றிருந்தார். அவருக்கு அகவை 38. அமெரிக்காவின் பர்மிங்காம் நகரச் சிறையிலிருந்து அவர் வெளிவந்து பத்து நாள்களே ஆகியிருந்தன. அவர் மார்ட்டின் லூதர் கிங்.

அந்நகரில் அவர் இருந்தது ஒரு நாளுக்கும் குறைவான நேரமே. உரை எதையும் அவர் எழுதி வந்திருக்கவில்லை. ஆயினும் பட்டத்தை ஏற்றபின் அவையோர் முன் மனத்தில் இருந்ததைப் பேசினார். இனப்பாகுபாடு, வறுமை, போர் ஆகிய மூன்று கேடுகளும் உலகை வருத்துவதை எடுத்துரைத்தார். அவர் உயிரோடிருந்தபோது அவருக்கு இத்தகைய பட்டம் வழங்கிய பிரித்தானியப் பல்கலைக்கழகம் நியூகாசில் ஒன்றே.

இன்று கிங்கைப் போற்றாதார் அரியர். அன்றைய நிலை வேறு. வியட்நாம் போரைக் கண்டித்து அவ்வாண்டு ஏப்ரலில் அவர் நியூயார்க் நகரில் பேசியதிலிருந்து பெரிய நாளேடுகள் அவரைச் சாடின. வெள்ளை மாளிகை அவரை விலக்கியது. குடிமை உரிமைப் போராட்டத்தில் உடன்நின்றோர் சிலரும் அவர் வழி தவறிவிட்டதாக எண்ணினர். தம் நாட்டில் இவ்வாறு தனிமைப்பட்டிருந்த காலத்தில், அயல்நாட்டுக் கல்விக்கூடம் ஒன்று அவரை அழைத்துச் சிறப்புச் செய்தது.

கிங் 1929ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டா நகரில் பிறந்தார். தந்தையும் தாய்வழிப் பாட்டனாரும் திருச்சபைப் போதகர்கள். ஆறு அகவை வரை ஒன்றாக விளையாடிய வெள்ளைச் சிறுவன் பள்ளிக்குச் செல்லத் தொடங்கியதும், அவன் பெற்றோர் அந்நட்பைத் தடுத்துவிட்டனர். 1944இல் பேச்சுப்போட்டி ஒன்றில் பங்கேற்றுவிட்டுத் தம் ஆசிரியையுடன் பேருந்தில் திரும்பியபோது, வெள்ளையருக்காக இருவரும் இருக்கையை விட்டெழ நேர்ந்தது. எஞ்சிய நெடுந்தொலைவையும் நின்றபடியே கடந்தனர். அன்று மூண்ட சினம் அவர் நெஞ்சில் நெடுங்காலம் தங்கியிருந்தது.

அதே ஆண்டில், பதினைந்தாம் அகவையில், மோர்ஹவுஸ் கல்லூரியில் சேர்ந்தார். அதன் தலைவர் பெஞ்சமின் மேஸ் அவருடைய மதிப்பிற்குரிய வழிகாட்டியானார். பின்னர் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் பயின்றபோது, அங்குள்ள வழிபாட்டகத்தின் தலைவராக ஹோவர்ட் தர்மன் இருந்தார். மேஸ், தர்மன் இருவருமே 1936ஆம் ஆண்டில் இந்தியாவில் காந்தியடிகளை நேரில் கண்டு உரையாடியவர்கள். இவ்வாறு கல்விக்கூடங்களின் வழியாகவும் அறப்போர் நெறி அவரை வந்தடைந்தது. 1955இல் இறையியலில் முனைவர் பட்டம் பெற்ற கிங், அதற்குமுன்னரே மாண்ட்கோமரி நகரில் போதகராகப் பொறுப்பேற்றிருந்தார்.

அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள் அந்நகரப் பேருந்தில் வெள்ளையருக்கு இடம்விட மறுத்த ரோசா பார்க்ஸ் கைது செய்யப்பட்டார். அன்றிரவு நிகழ்ந்ததைப் பலர் அறியார். அலபாமா மாநிலக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த ஜோ ஆன் ராபின்சன், உடன் பணியாற்றிய ஒருவரையும் மாணவர் இருவரையும் சேர்த்துக்கொண்டு, கல்லூரியின் படியெடுக்கும் பொறியில் விடிய விடியத் துண்டறிக்கைகளை உருட்டி எடுத்தார். பல்லாயிரம் படிகள்! கல்லூரியோ மாநில அரசின் பணத்தில் நடப்பது. செய்தி கசிந்தால் வேலை போகும். விடிந்ததும் அறிக்கைகள் கட்டுக்கட்டாக நகரெங்கும் சென்றன. டிசம்பர் 5ஆம் நாள் கறுப்பின மக்கள் பேருந்தில் ஏறவில்லை. இருபத்தாறு அகவைப் போதகர் கிங் இயக்கத்தின் தலைவரானது அதன்பிறகே, அதே நாளில்தான்.

கிங் என்றவுடன் உலகம் 1963இல் வாஷிங்டனில் இரண்டரை இலட்சம் பேர் முன் அவர் ஆற்றிய உரையையே நினைக்கிறது. அவ்வுரை பெரிதுதான். ஆயினும் மாண்ட்கோமரி மக்கள் நடந்த 381 நாள்கள் அதனினும் பெரியவை. வீட்டுவேலை செய்த பெண்கள் மழையிலும் குளிரிலும் நடந்தே சென்றனர். கார் வைத்திருந்தோர் வண்டியைப் பிறருக்கென ஓட்டினர். 1956 ஜனவரியில் கிங்கின் வீட்டில் வெடிகுண்டு வீசப்பட்டது. மனைவி கொரெட்டாவும் கைக்குழந்தையும் உள்ளே இருந்தனர்; இருவரும் உயிர் தப்பினர். படைக்கலங்களுடன் கொதித்துத் திரண்ட மக்களை, இடிந்த தாழ்வாரத்தில் நின்று அமைதிப்படுத்தி வீட்டிற்கு அனுப்பினார் கிங். அவருடைய கொள்கை முதன்முதலாகத் தேர்வுக்கு உள்ளானது அந்த இரவில்தான் எனலாம். ஆண்டின் இறுதியில், பேருந்துகளில் இனம் பிரித்து அமர்த்துவது சட்டத்திற்குப் புறம்பானது என்னும் உச்சநீதிமன்றத் தீர்ப்பு நடைமுறைக்கு வந்தது.

1959இல் அவர் இந்தியாவிற்கு வந்தார். ஒரு மாத காலம் பல இடங்களைச் சுற்றிப்பார்த்த அவர், சென்னைக்கும் திண்டுக்கல்லை அடுத்த காந்திகிராமத்திற்கும் வந்தார். கல்வியையும் ஊர்ப்பணியையும் பிரிக்காமல் நடத்தும் நிறுவனம் காந்திகிராமம். மறு ஆண்டு தென்மாநிலங்களில் கல்லூரி மாணவர்கள், தங்களுக்கு மறுக்கப்பட்ட உணவக இருக்கைகளில் அமைதியாக அமர்ந்து போராடினர். அட்லாண்டாவில் அம்மாணவர்களுடன் அமர்ந்து கிங்கும் சிறை சென்றார். 1964இல் குடிமை உரிமைச் சட்டமும் 1965இல் வாக்குரிமைச் சட்டமும் நிறைவேறின. 1964இல் பெற்ற நோபல் பரிசின் தொகை முழுவதையும் இயக்கத்திற்கே அளித்தார்.

நியூகாசிலிலிருந்து திரும்பியபின் அவர் வாழ்ந்தது ஐந்து மாதங்களுக்கும் குறைவே. மெம்பிஸ் நகரில் குப்பை வண்டியின் அழுத்தும் பொறியில் சிக்கித் தூய்மைப் பணியாளர் இருவர் மாண்டனர். உடன் பணிபுரிந்தோர் 1300 பேர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுக்குத் துணைநிற்கச் சென்ற கிங், 1968 ஏப்ரல் 4ஆம் நாள் விடுதியின் மாடத்தில் நின்றபோது சுட்டுக் கொல்லப்பட்டார். கோவேறு கழுதைகள் பூட்டிய பண்ணை வண்டியில் அவர் உடல் அட்லாண்டா வீதிகள் வழியே மோர்ஹவுஸ் கல்லூரிக்கு வந்தது. பதினைந்து அகவையில் தம்மிடம் வந்து சேர்ந்த மாணவனுக்கு, முதியவர் பெஞ்சமின் மேஸ் இரங்கலுரை ஆற்றினார்.

அவர் பிறந்தநாளைத் தேசிய விடுமுறையாக்கும் சட்டத்திற்கு அமெரிக்கா பதினைந்து ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. 1994இல் அந்நாள் தொண்டு நாளாகவும் அறிவிக்கப்பட்டது. அந்நாளில் பல பல்கலைக்கழகங்களின் மாணவர்கள் அக்கம்பக்கத்துக் குடியிருப்புகளுக்குச் சென்று பள்ளிகளுக்கு வண்ணம் பூசுகின்றனர். ஏழை எளியவர்க்கு உணவுப் பொருள்களைக் கட்டித் தருகின்றனர்.

நியூகாசிலில் அன்று அவர் பேசியதைப் பதிவு செய்த படச்சுருள் நெடுங்காலம் மறக்கப்பட்டுக் கிடந்து, பின்னாளில் மீட்கப்பட்டது. 2017இல், பட்டமளித்த ஐம்பதாம் ஆண்டை அப்பல்கலைக்கழகம் நகரத்தாருடன் இணைந்து கொண்டாடியது. கண்காட்சிகளும் கலைநிகழ்ச்சிகளும் பள்ளிக் குழந்தைகளுக்கான பணிகளும் நடைபெற்றன. இயக்கத்தில் கிங்குடன் தோள்கொடுத்து உழைத்த ஆண்ட்ரூ யங், வளாகத்தில் அவருடைய வெண்கலச் சிலையைத் திறந்துவைத்தார்.

சிலை திறப்பதற்கு முன்பே, அக்டோபர் இறுதி ஞாயிறன்று, நகரின் தெருக்களே நாடக மேடையாகியிருந்தன. கிங் வழிநடத்திய செல்மா நடைப்பயணம் ஒரு தெருவில் நிகழ்த்தப்பட்டது. வேறிடங்களில் தென்னாப்பிரிக்காவின் ஷார்ப்வில்லும், ஜாலியன்வாலா பாக்கில் குருதி சிந்திய அமிர்தசரஸும், மான்செஸ்டரின் பீட்டர்லூவும் மீண்டும் உயிர்பெற்றன. அவற்றோடு, அதே டைன் நதிக்கரையின் ஜாரோ ஊரிலிருந்து 1936இல் வேலை கேட்டு இலண்டன்வரை நடந்த இருநூறு தொழிலாளரின் கதையும் இடம்பெற்றது. நடித்தவர்களுள் பலர் அவ்வூர் மக்களே. பல திசைகளிலிருந்து வந்த அவ்வணிகள் அனைத்தும் மாலையில் டைன் பாலத்தில் ஒன்றுசேர்ந்தன.