டாக்டர் ஜி. என். ராமச்சந்திரன்

உயிர்ப்பொருள்களின் அமைப்பைக் கணக்கினாலும் யந்திரத்தினாலும் ஆராயும் பயோஇன்பர்மாடிக்ஸ் என்னும் சாஸ்திரத்தை நம்பி வாழ்நாளை ஒப்படைக்கலாமா என்று கலாசாலை மாணாக்கர் பலர் வினவுகின்றனர். உத்தியோகங்களை எண்ணிக் காட்டுவதைக் காட்டிலும், அச்சாஸ்திரத்திற்குச் சென்னையிலிருந்தே அஸ்திவாரக் கல்லொன்றை நாட்டிய டாக்டர் ராமச்சந்திரனுடைய சரித்திரத்தைச் சொல்வதே தக்கதென்று நாம் கருதுகிறோம்.

1922ஆம் வருஷம் அக்டோபர் 8ஆம் தேதி எர்ணாகுளத்தில் பிறந்த இவர், திருச்சியில் பௌதிகம் பயின்று, பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மின்சார எஞ்சினீயரிங் மாணவராகச் சேர்ந்தார். ஸர் சி. வி. ராமன் அவரைத் தமது இலாகாவிற்கு இழுத்துக்கொண்டார். எஞ்சினீயர் ஒருவர் குறைந்ததற்காகத் தேசம் வருந்த வேண்டியதில்லை.

1952இல் சென்னைச் சர்வகலாசாலையின் வைஸ்சான்ஸலர் டாக்டர் ஏ. லக்ஷ்மணசுவாமி முதலியார், பௌதிக இலாகாத் தலைமையை ராமனுக்கே அளிக்க விரும்பினார். ராமனோ தம் சிஷ்யரைச் சுட்டிக் காட்டினார். முப்பது வயதே ஆன ஒருவரிடம் ஓர் இலாகாவை ஒப்புவிக்க முதலியார் துணிந்தார். சந்தர்ப்பம் என்று மாணாக்கர் கேட்பது இதைத்தான். இதை அளிக்க வேண்டியவர்கள் பெரியோர்களே.

தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு விளங்கவில்லையென்று சென்னைக்கு வந்திருந்த பெர்னால் என்னும் ஆங்கில விஞ்ஞானி சொல்ல, ராமச்சந்திரன் அதையே மேற்கொண்டார். 1954இல் அவரும் கோபிநாத் கர்த்தாவும் அது மூன்று சங்கிலிகள் சேர்ந்ததென்று வெளியிட்டனர். மறு வருஷமே, அவை முப்புரியாய் முறுக்குண்டவை என்று விளக்கினர். அணுக்கள் அளவு மீறி நெருங்கியிருக்கின்றன என்று கிரிக், ரிச் இருவரும் ஆக்ஷேபித்தனர். ராமச்சந்திரன் வாதத்தில் காலங்கழிக்கவில்லை. அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கக்கூடும் என்பதை, அதுவரை அறியப்பட்ட படிகங்களிலிருந்தெல்லாம் திரட்டினார். பிறர் சேர்த்த விவரங்களைத் தொகுத்துப் புதிய உண்மையைக் கறக்கும் இம்முறையே இன்றைய பயோஇன்பர்மாடிக்ஸின் உயிர்நிலை. ராமகிருஷ்ணன், சசிசேகரன் என்னும் மாணவர்களுடன், மேஜைமேல் வைக்கும் கணக்கு யந்திரத்தைக் கொண்டு, புரதச் சங்கிலியின் இரண்டு திருப்பக் கோணங்களில் எவை கூடும், எவை கூடா என்று 1963இல் ஒரு படம் வகுத்தார். உலகம் அதை ராமச்சந்திரன் படம் என்றே வழங்குகிறது. 1971இல் தோன்றிய புரதப் பண்டகத்தில் இன்று இரண்டு லக்ஷத்திற்கு மேற்பட்ட அமைப்புக்கள் உள்ளன; புதிதாக ஒன்றைச் சேர்க்குமுன் அப்படத்தோடு ஒத்துப் பார்ப்பது வழக்கம்.

இவர்கள் பௌதிகம் கற்றவர்கள் என்பதை மாணாக்கர் கவனிக்க வேண்டும். பயோஇன்பர்மாடிக்ஸ் என்று பெயரிட்ட பட்டம் அந்நாளில் எங்குமில்லை.

1969இல் முதலியார் விலகினார். 1970இல் ராமச்சந்திரனும் சென்னையை விட்டுப் பெங்களூர் சென்று, அங்கே அணுத்திரள் உயிர்ப்பௌதிகப் பிரிவை ஸ்தாபித்தார். இத்தகைய ஒருவரை நமது சர்வகலாசாலை வைத்துக்கொள்ளாமற் போனது நமக்கு இன்றும் உறுத்துகிறது. 1977இல் லண்டன் ராயல் சொஸைட்டி அவரை அங்கத்தினராக்கிற்று. நொபெல் பரிசு கிட்டவில்லை. முதுமையில் பார்க்கின்சன் நோயால் வருந்தி, 2001 ஏப்ரல் 7ஆம் தேதி சென்னையிலேயே காலமானார்.