கடாரம் எவ்வளவு தூரம்? கடலையும் காற்றையும் கணக்குப் போட்ட ராஜேந்திர சோழன்

சென்னையில் விமானம் ஏறினால், மலேசியாவின் பினாங்குக்குச் சுமார் 4 மணி நேரம்தான். அங்கிருந்து கடா மாநிலம் ரொம்பப் பக்கம். அந்தக் கடாதான் சோழர் கல்வெட்டுகள் சொல்லும் கடாரம். நாகப்பட்டினத்திலிருந்து நேர்கோட்டில் அளந்தாலே சுமார் 2,300 கி.மீ. எஞ்சினே இல்லாத காலத்தில் அங்கே கப்பல் படையை அனுப்பியவர் முதலாம் ராஜேந்திர சோழன்.

யார் இவர்?

தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய ராஜராஜனின் மகன். ஆடித் திருவாதிரையில் பிறந்தவர். 1012-ல் இளவரசுப் பட்டம். 1014-ல் தந்தை மறைந்த பிறகு தனியாக ஆட்சி. அப்பா காலத்திலேயே படை நடத்திப் பழகியவர்.

அன்றைய பயணம் எப்படி இருந்தது?

ராஜராஜன் சீனாவுக்கு ஒரு தூதுக்குழுவை அனுப்பினார். அது சீனத் துறைமுகத்தை அடைய 1,150 நாட்கள் ஆனதாகச் சீன ஆவணம் சொல்கிறது. அதில் கப்பல் ஓடியது 247 நாட்கள்தான். மீதி நாட்கள் வழியிலேயே கழிந்தன. பாய்மரக் கப்பலுக்குக் காற்றுதான் எரிபொருள். தென்மேற்குப் பருவக்காற்று கிழக்கே கொண்டுபோகும். திரும்பி வர வடகிழக்குக் காற்று வீச வேண்டும். பருவத்தைத் தவறவிட்டால் மாதக்கணக்கில் காத்துக்கிடக்க வேண்டியதுதான். 1015-ல் அந்தக் குழு சீன அரசவைக்குப் போனபோது, அனுப்பிய மன்னர் உயிரோடு இல்லை. சோழ நாட்டை ராஜேந்திரன் ஆண்டுகொண்டிருந்தார்.

கங்கை வந்த கதை

1023 வாக்கில் அவரது படை கலிங்கம் வழியாக வங்காளம் வரை போய், மகிபாலனை வென்று, கங்கை நீரோடு திரும்பியது. நேர்கோட்டில் சுமார் 1,600 கி.மீ., அதுவும் நடந்தே. ராஜேந்திரன் கோதாவரிக் கரையில் தன் படையை எதிர்கொண்டதாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. அந்த வெற்றியின் பெயரில் கங்கைகொண்ட சோழபுரம் உருவானது. தலைநகர் தஞ்சையிலிருந்து இங்கே மாறியது. சோழகங்கம் என்ற பெரிய ஏரியும் வெட்டப்பட்டது. இன்று அதன் பெயர் பொன்னேரி.

கடாரத்தின் மீது ஏன் படை?

ஸ்ரீவிஜய அரசு முதலில் சோழர்களுக்கு நட்பு நாடுதான். அதன் அரசர் நாகப்பட்டினத்தில் கட்டிய பௌத்த விகாரைக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் கிராமத்தையே தந்தார். அந்தக் கொடையைச் செப்பேட்டில் உறுதிசெய்தவர் ராஜேந்திரன். ஆனால், சீனாவுக்குப் போகும் மலாக்கா நீரிணை ஸ்ரீவிஜயத்தின் பிடியில் இருந்தது. அந்த வணிகப் பாதைக்கான போட்டியே 1025 படையெடுப்புக்குக் காரணம் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. அரசர் சங்கிராம விஜயோத்துங்கவர்மன் சிறைபிடிக்கப்பட்டார். ஆனாலும் சோழர்கள் அங்கே நேரடி ஆட்சியை நிறுவவில்லை. தாக்குவதற்கு ஒரு பருவக்காற்று போதும். ஆண்டுக்கணக்கில் ஆள்வது வேறு கணக்கு. 1033-ல் ராஜேந்திரனும் சீனாவுக்குத் தூது அனுப்பினார்.

இன்று என்ன மிச்சம்?

1044-ல் ராஜேந்திரன் மறைந்தார். அதன் பிறகும் சோழர் ஆட்சி முடியும் வரை, சுமார் 250 ஆண்டுகள் இதுவே தலைநகர். இப்போது அரியலூர் மாவட்டத்தில் ஒரு சிற்றூர். அரண்மனை இருந்த மாளிகைமேட்டில் செங்கல் அடித்தளங்கள்தான் மிச்சம். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் 2004-ல் சேர்ந்த பிரகதீஸ்வரர் கோயில் மட்டும் நிமிர்ந்து நிற்கிறது. 1,600 கி.மீ. தள்ளி ஓடும் ஆறு, ஊர்ப் பெயரில் இன்னும் இருக்கிறது.